முதல் இல்லாத வணிகம்

துணி என்பது கையால் தடவி, இழையை நெருடி, வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து வாங்கவேண்டிய பண்டம் என்பதும், படத்தை மட்டும் பார்த்து அதை வாங்கும் பழக்கம் நேற்று முளைத்த நாகரிக மோகம் என்பதும் நம்மில் பெரும்பாலோர் கொண்டுள்ள அபிப்பிராயம். சரித்திரம் இதற்கு இசைந்து வரவில்லை. வேல்ஸ் நாட்டில் நியூடவுன் என்னும் சிற்றூரில் துணிக்கடை வைத்திருந்த பிரைஸ் ஜோன்ஸ் என்பவர், அவ்வூருக்கு ரயில் வந்ததையொட்டி 1861-இல், தம் வட்டாரத்துக் கம்பளித் துணியான ஃபிளானலின் விலைப்பட்டியல்களைத் தூரத்து வாடிக்கைக்காரர்களுக்குத் தபாலில் அனுப்பி, அவர்கள் கடிதத்தில் கேட்டதை ரயிலில் ஏற்றிவிடும் வியாபாரத்தைத் தொடங்கினார். விக்டோரியா மகாராணியும் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரும் அவரிடம் துணி வாங்கியவர்களில் சேர்வர். நம் நாட்டில் தபால் இலாகா 1877-இல் வி.பி.பி. முறையைக் கொணர்ந்தது, 1880-இல் மணியார்டரும் வந்தது. பொருளைத் தபால்காரர் வீட்டு வாசலில் கொடுத்து, விலையை அங்கேயே வாங்கிச் சென்று விற்றவருக்குச் சேர்ப்பிக்கும் அந்த ஏற்பாட்டை நம்பியே கைக்கடிகாரமும் லேகியமும் புத்தகமும் விற்ற விளம்பரங்கள் தமிழ்ப் பத்திரிகைகளின் பக்கங்களை நிறைத்தன. இன்று ‘கேஷ் ஆன் டெலிவரி’ என்று பெயர் பூண்டு உலவுவது அந்த வி.பி.பி.யேயன்றி வேறில்லை.

ஆகவே புதுமை தூரத்தில் இல்லை. விற்பவர் யார் என்பதில்தான் இருக்கிறது. 2016 ஏப்ரலில் யு.பி.ஐ. பணப்பரிமாற்றமும், அதே ஆண்டு செப்டம்பரில் ஜியோவின் வருகையால் மலிவான இணையமும், 2018 ஜனவரியில் சிறு வணிகர்க்கென வாட்ஸ்அப் வெளியிட்ட தனிச் செயலியும் அடுத்தடுத்து வந்து சேர, அதுவரை வாடிக்கைக்காரியாக மட்டும் இருந்த இல்லத்தரசி, கடை வாடகையும் ஆள் சம்பளமும் இன்றித் தன் கைப்பேசியிலிருந்தே சேலையும் சுடிதாரும் வளையலும் விற்கத் தொடங்கினாள். 2020-இன் ஊரடங்கில் வேலையிழந்தோரும் வீட்டில் முடங்கியோரும் இத்தொழிலில் பெருந்திரளாகப் புகுந்தனர். ‘முதலீடு தேவையில்லை, வீட்டிலிருந்தபடியே சம்பாதிக்கலாம்’ என்னும் வாசகம் இத்தொழிலுக்கு ஆள் சேர்க்கும் மந்திரமாக அன்று முதல் ஒலித்து வருகிறது. முதல் இல்லாமல் ஒரு வணிகம் நடக்குமா, நடந்தால் அம்முதலை உண்மையில் யார் போடுகிறார்கள் என்பதே இக்கட்டுரை ஆராயப் புகும் விஷயம்.

சரக்கு எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் நோக்குவோம். சேலம் மாவட்டத்து இளம்பிள்ளையின் விசைத்தறிச் சேலைகள், திண்டுக்கல்லை அடுத்த சின்னாளப்பட்டியின் சுங்கடியும் செயற்கைப் பட்டும், திங்கள் இரவில் தொடங்கிச் செவ்வாயன்று ஓயும் ஈரோட்டு வாரச் சந்தை, ஏற்றுமதியில் மிஞ்சிய பனியன் துணிகள் குவியும் திருப்பூர்க் காதர்பேட்டை, கவரிங் நகையும் மணியும் சரிகையும் மொத்தமாகக் கிடைக்கும் சென்னைச் சௌகார்பேட்டை, இவற்றுக்கெல்லாம் மேலாகச் செயற்கை இழைச் சேலைகளின் தலைநகரான சூரத் ஆகியவை இந்த வணிகத்தின் ஊற்றுக்கண்கள். இவ்விடங்களிலுள்ள சப்ளையர்கள் நாள்தோறும் காலையில் புதுச் சேலைகளின் படங்களை வாட்ஸ்அப் குரூப்புகளில் இடுவார்கள். ரீசெல்லர் என்னும் மறுவிற்பனையாளர் அப்படங்களை எடுத்து, விலையில் 50 ரூபாயோ 100 ரூபாயோ கூட்டித் தம் ஸ்டேட்டஸிலும் உறவினர் குரூப்புகளிலும் இடுவார். ஒருவர் கேட்டுப் பணம் அனுப்பினால், தம் பங்கை நிறுத்திக்கொண்டு மிச்சத்தைச் சப்ளையருக்கு அனுப்ப, அவர் ரீசெல்லரின் பெயரையே அனுப்புநராக ஒட்டிப் பார்சலைப் போட்டுவிடுவார். விற்றவர் தாம் விற்ற சேலையைக் கடைசிவரை கண்ணால் காண்பதில்லை. இதுவே ‘முதலீடு தேவையில்லை’ என்பதன் பொருள்.

முதல் பார்வையில் இது நஷ்டமே நேர முடியாத வியாபாரமாகத் தோன்றுகிறது. இதன் பலவீனம் அதன் சௌகரியத்திலேயே அடங்கியிருக்கிறது. ஒரே படம் ஆயிரம் கைப்பேசிகளில் ஒரே காலையில் தோன்றும்போது, மதுரையில் ஒருத்தி 750 ரூபாய் என்று சொல்லும் சேலையை, அவளுடைய ஒன்றுவிட்ட சகோதரியே 720 என்று சொல்லக்கூடும். மாலைக்குள் வேறொருத்தி 690-க்குத் தருவாள். பொருளில் வேற்றுமை இல்லாதபோது போட்டி விலையில் மட்டுமே நிகழும் என்பதும், அந்தப் போட்டி இடைத்தரகரின் ஊதியத்தை ஏறத்தாழச் சூனியமாக்கிய பின்னரே ஓயும் என்பதும் பொருளாதாரத்தின் அரிச்சுவடி. 2015-இல் தொடங்கப்பட்ட மீஷோ நிறுவனத்தின் வரலாறு இதற்குச் சரியான சான்று. இத்தகைய மறுவிற்பனைப் பெண்களைத் தன் ஆதாரமாகக் கொண்டு வளர்ந்த அந்நிறுவனம், சில ஆண்டுகளிலேயே வாங்குவோருக்கு நேரடியாக விற்கும் சந்தையாக உருமாறிற்று. மலிவு விலையில் சேலை கிடைக்கும் இடத்தை வாடிக்கைக்காரி தானே தெரிந்துகொண்ட பிறகு, படத்தைக் கடத்திக் கொடுப்பவருக்கு அங்கே என்ன வேலை இருக்க முடியும்?

இதைக் கண்டு தெளிந்தவர்கள் அடுத்த படியில் கால் வைக்கிறார்கள். அதாவது, சரக்கை வாங்கி வீட்டில் அடுக்குகிறார்கள். இங்கேதான் மெய்யான வணிகம் ஆரம்பமாகிறது. மெய்யான கணக்கும் இங்கேதான் ஆரம்பமாகிறது. பெரும்பாலான சப்ளையர்கள் ‘செட் வைஸ்’ கொடுப்பார்களேயன்றித் தனித்தனியாகக் கொடுப்பதில்லை. உதாரணமாக, ஒரே டிசைனில் 10 நிறங்கள் கொண்ட செட் ஒன்றைச் சேலைக்கு 600 ரூபாய் வீதம் 6,000 ரூபாய்க்கு ஒருவர் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். கூரியர் உட்பட 850 ரூபாய் என்று அவர் விலை வைத்தால், கூரியருக்கும் கவருக்குமாக 80 ரூபாய் போகச் சேலைக்கு 770 கையில் நிற்கும். மயில் கழுத்துப் பச்சையும் மெரூனும் ராமர் நீலமும் இரண்டு நாளில் போய்விடும். ஏழு சேலைகள் விற்றபோது கைக்கு வந்திருப்பது 5,390 ரூபாய். போட்ட முதலே இன்னும் திரும்பவில்லை! எட்டாவது சேலை விற்ற பின்னரே 160 ரூபாய் என்னும் முதல் லாபம் முகம் காட்டுகிறது. எஞ்சிய லாபமெல்லாம் யாரும் விரும்பாத இரண்டு நிறங்களில், பெட்டியின் அடியில் முடங்கிக் கிடக்கிறது. அவ்விரண்டையும் ஆடித் தள்ளுபடியில், கூரியரையும் தாமே ஏற்று, வாங்கிய விலைக்கே தள்ளிவிட்டால் லாபமாக 1,700 ரூபாய் வரவேண்டிய இடத்தில் 1,200 ரூபாய்தான் மிஞ்சும். ஒரு சேலையில் இழையறுந்து திருப்பி வாங்க நேர்ந்தால், இருவழிக் கூரியரும் சேலையின் விலையுமாக அதிலும் பெரும்பகுதி கரைந்துபோகும். ஆகவே இவ்வணிகத்தில் தேர்ந்தவர் யார் என்று கேட்டால், அழகான சேலையைத் தேர்ந்தெடுப்பவர் என்பதைவிட, விற்காத நிறத்தை முன்கூட்டி உணர்ந்து அந்த செட்டையே மறுக்கத் தெரிந்தவர் என்று சொல்வதே பொருந்தும்.

கூரியர்க் கணக்கிலும் ஒரு நுட்பம் உண்டு. எடை பெரும்பாலும் அரைக் கிலோ, ஒரு கிலோ என்று படிப்படியாகக் கணிக்கப்படுவதால், ஒரு கிலோப் பார்சலில் ஒரு சேலை போனாலும் இரண்டு மென்சேலைகள் போனாலும் கட்டணம் ஒன்றே. ஆகையால் ‘இரண்டு எடுத்தால் கூரியர் இலவசம்’ என்னும் அறிவிப்பைத் தாராள குணமென்று நினைப்பது பேதைமை. விற்பவருக்கு இரண்டாவது சேலையைக் கொண்டுசேர்க்கும் செலவே இல்லை.

இத்தொழிலில் சேலை இத்தனை ஆதிக்கம் செலுத்துவதற்குக் காரணம் நம் பெண்களின் சேலைப் பிரியம் மட்டுமன்று. ஐந்தரை மீட்டர் சேலையும் அதனோடு 80 சென்டிமீட்டர் பிளவுஸ் பிட்டும் சேர்ந்த அந்தத் துணி, உலகில் இணையவழி விற்பனைக்கென்றே அமைந்தது போன்ற உடை. அதற்கு அளவே கிடையாது. குர்தி விற்பவரின் நிலை வேறு. 38, 40, 42, 44, 46 என ஐந்து அளவும் நான்கு நிறமும் வைத்தால் ஒரே மாதிரியில் 20 வகைச் சரக்கு தேங்கும். ஒரு கம்பெனியின் 40 மற்றொரு கம்பெனியின் 38-க்குச் சமமாக இருக்க, அளவு சரியில்லை என்னும் புகார் தீர்ந்தபாடிருக்காது. ஆபரண வகைகளில் வளையல்காரருக்கே இத்தொல்லை. ‘இரண்டு நாலு, இரண்டு ஆறு, இரண்டு எட்டு’ என்று வழங்கும் அளவுகளில் பின்னால் வரும் எண் ஓர் அங்குலத்தின் பதினாறில் இத்தனை பங்கு என்பதைக் குறிக்கும். இரண்டு நாலு என்றால் இரண்டேகால் அங்குல உள்விட்டம். இதை அறியாத வாடிக்கைக்காரி 2.4 என்று தசமமாகப் படித்து அளந்து ஆர்டர் கொடுத்தால், வரும் வளையல் கையில் ஏறாது. பழைய வளையலை ஸ்கேலின்மேல் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லும் பட்டுநூல் வளையல்காரிகள், இந்த ஒரு யுக்தியாலேயே திரும்பி வரும் பார்சல்களை வெகுவாகத் தவிர்க்கிறார்கள்.

சுடுமண் நகை, பட்டுநூல் வளையல், ஆரி வேலைப்பாடு செய்த பிளவுஸ் ஆகியவற்றை விற்போர் மற்றொரு ஜாதி. அவர்களிடம் சரக்கு தேங்குவதில்லை. ஆர்டர் வந்த பிறகே செய்கிறார்கள். களிமண்ணுக்கும் நூலுக்கும் மணிக்கும் ஆகும் செலவு சொற்பம். அப்படியானால் முதல் எங்கே என்றால், அது அவர்கள் கண்ணிலும் விரலிலும் கழுத்தெலும்பிலும் இருக்கிறது. மணப்பெண்ணின் ஆரி பிளவுஸ் ஒன்று பல நாள் உழைப்பைக் கொள்ளுவது. அதற்கு விலை சொல்லும்போது நூல், மணி, சரிகை என்று எழுதிக் கூட்டுபவர்கள், தம் மணிநேரத்துக்கு ஒரு கொத்தனார் சித்தாளுக்குக் கொடுக்கும் கூலியளவேனும் போட்டுப் பார்ப்பதில்லை. ‘சும்மா இருக்கிற நேரம்தானே’ என்று வீட்டார் சொல்லுவதை அவர்களும் ஏற்றுக்கொள்கிறார்கள். சும்மா இருக்கிற நேரம் என்று ஒன்று எந்த இல்லத்தரசிக்கு வாய்த்திருக்கிறது என்பது எனக்கு விளங்கவில்லை. முதலீடு தேவையில்லை என்னும் வாசகத்தின் இரகசியம் இங்கே வெளிப்படுகிறது: பணமாகப் போடவேண்டிய முதலை நேரமாகப் போடச் செய்து, அந்த நேரத்துக்கு விலையில்லை என்று நம்பவைப்பதே அதன் சாமர்த்தியம்.

நேரம் போகும் வழிகளில் பெரியது சம்பாஷணை. ‘இந்த கலர் இருக்காம்மா?’ ‘ஃபுல் சாரி ஓப்பன் பண்ணி ஒரு வீடியோ போடுங்க அக்கா’, ‘லாஸ்ட் பிரைஸ் சொல்லுங்க’, ‘எங்க வீட்டுக்காரரைக் கேட்டுட்டுச் சொல்றேன்’ என்று நாள் முழுதும் வரும் குறுஞ்செய்திகளுக்கு மறுமொழி சொல்லியே ஆகவேண்டும். கடையில் வாடிக்கைக்காரர் முன்னே நூறு சேலைகளை விரித்துப்போட்டு மடிக்கும் விற்பனையாளனுக்குச் சம்பளம் உண்டு. இங்கே அந்த வேலையைக் கைப்பேசியில் செய்பவளுக்கு இல்லை. ஆயினும் இதைத் தவிர்க்கவும் கூடாது என்பேன். தொட்டுப் பார்க்க இயலாத துணிக்கு அவள் சொல்லும் சொல்லே தொடு உணர்ச்சிக்கு ஈடாக நிற்கிறது. விளக்கு வெளிச்சத்தில் பகட்டாகத் தோன்றும் சப்ளையர் படத்தைத் தள்ளிவிட்டு, ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில் தானே படமெடுத்து, ‘படத்தைவிட நேரில் கொஞ்சம் மங்கல்தான், முதல் தண்ணியில் சாயம் போகும், தனியாய் நனையுங்கள்’ என்று எழுதும் ஒருத்திக்கு அன்றைய விற்பனையில் இரண்டு குறையலாம், அடுத்த தீபாவளிக்கு அவளைத் தேடி வருவோர் அதனால் கூடுவர்.

துணியின் பெயரைச் சொல்வதில்தான் இத்தொழிலின் நேர்மை மிகக் கடுமையாகச் சோதிக்கப்படுகிறது. செயற்கை இழைச் சேலைக்கு ‘செமி சில்க்’ என்றும், அதற்கு அகலமான பார்டர் இருந்தால் ‘காஞ்சி’ என்றும் பெயரிடுவது குரூப்புகளில் சர்வசாதாரணம். காஞ்சிபுரம் பட்டும் மதுரைச் சுங்கடியும் புவிசார் குறியீடு பெற்றவை. 1999-இல் இயற்றப்பட்டு 2003 செப்டம்பர் முதல் அமலுக்கு வந்த சட்டத்தின்படி அப்பெயர்களைப் பிற சரக்கின்மேல் ஒட்டுவது குற்றம். அசல் பட்டுக்கு மத்தியப் பட்டு வாரியத்தின் ஆதரவில் 2004 முதல் ‘சில்க் மார்க்’ முத்திரையும் இருக்கிறது. முத்திரை இல்லாவிடினும் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பார்த்தால் போதும். பட்டு முடி கருகும் நாற்றத்தோடு எரிந்து விரலில் பொடியும் சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாக இறுகும். இந்தச் சோதனையைச் செய்யாமல் சப்ளையர் சொன்ன பெயரை அப்படியே நகலெடுத்துப் போடுகிற விற்பனையாளர், தாம் பொய் சொல்லவில்லை என்று வாதிக்கலாம்; ஆனால் பார்சலின்மேல் இருப்பது அவர் பெயர்தான்.

முன்பு வீட்டு வாசலில் மூட்டையை இறக்கித் தவணைக்குச் சேலை கொடுத்த வியாபாரியை நினைத்துப் பாருங்கள். அவர் வாரந்தோறும் வருவார். சாயம் போன சேலையைக் காட்டினால் மழுப்ப முடியாது. இன்றைய விற்பவரும் வாங்குபவரும் ஒருவர் முகத்தை ஒருவர் அறியாதவர்கள். பணம் அனுப்பியதாகப் போலி ஸ்கிரீன்ஷாட் காட்டிச் சேலையைப் பறிப்போரும் உண்டு, பணம் வாங்கியதும் எண்ணைத் தடுத்துவிட்டு மறையும் போலிப் பக்கங்களும் உண்டு. இந்த அச்சத்திலிருந்து பிறந்ததே ‘பார்சல் ஓப்பனிங் வீடியோ கட்டாயம், இல்லையேல் ரிட்டர்ன் இல்லை’ என்னும் சம்பிரதாயம். கிழிந்த சேலையை மாற்றிக் கொடுப்பதற்கு இது நியாயமான ஆதாரமாகலாம். ஆனால் ‘நோ ரிட்டர்ன், நோ எக்ஸ்சேஞ்ச்’ என்று ஒரே வரியில் கதவை அடைப்பதற்குச் சட்டம் இடங்கொடுக்கவில்லை. 2020 ஜூலையில் வெளிவந்த இணையவணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள், குறையுள்ள சரக்கையும் விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான சரக்கையும் திரும்பப் பெற மறுக்கலாகாது என்று விற்பவரைக் கட்டுப்படுத்துகின்றன. தொடர்ச்சியாக வியாபாரம் செய்யும் தனி மனிதர் ‘நான் வீட்டில் சும்மா செய்கிறேன்’ என்று சொல்லி இதிலிருந்து நழுவவும் முடியாது.

இவர்கள் அனைவரும் கடை விரித்திருக்கும் நிலம் பிறர் நிலம் என்பதையும் சொல்லியாகவேண்டும். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் வாட்ஸ்அப்பும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஒருசேர நின்றபோது, உலகெங்கும் இத்தகைய எண்ணற்ற கடைகளின் கதவுகள் உடைமையாளரைக் கேளாமலே சாத்தப்பட்டன. அமெரிக்காவில் கைவினைஞரின் சந்தையாக 2005-இல் பிறந்த எட்ஸி, 2022 ஏப்ரலில் தன் தரகை நூற்றுக்கு 5-இலிருந்து 6.5 ஆக உயர்த்தியபோது, ஆயிரக்கணக்கான சிறு விற்பனையாளர்கள் ஒரு வார காலம் தங்கள் கடைகளை மூடி வேலைநிறுத்தம் செய்தார்கள், தரகு குறையவில்லை. 50,000 பேர் பின்தொடரும் பக்கத்தைவிட, வாங்கியவர்களின் பெயர், ஊர், பிடித்த நிறம், பிளவுஸ் அளவு எல்லாம் எழுதிய 200 பக்க நோட்டுப் புத்தகம் மேலான சொத்து என்பது என் துணிபு. பக்கத்தை முடக்க ஒரு நிறுவனத்தால் முடியும். நோட்டை முடக்க யாராலும் முடியாது.

இறுதியாக வரி விஷயம். பொருள் விற்பவர்க்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை தமிழ்நாட்டுக்குள் ஜி.எஸ்.டி. பதிவு அவசியமில்லை, 2023 அக்டோபர் முதல், பெரிய இணையச் சந்தைகளின் வழியே விற்போருக்கும் மாநிலத்துக்குள் மட்டும் இச்சலுகை கிட்டியுள்ளது. ஆனால் மாநில எல்லையைத் தாண்டி ஒரே ஒரு விசைத்தறிச் சேலையை விற்றாலும் பதிவு கட்டாயம். இதன் விளைவு விநோதமானது. ஓசூரில் இருக்கும் ஒருத்தி 600 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள கன்னியாகுமரிக்குச் சேலை அனுப்பலாம். 40 கிலோமீட்டரில் இருக்கும் பெங்களூரில் வாழும் தன் நாத்தனாரின் தோழிக்கு விற்க வேண்டுமானால், பதிவு எண்ணும் மாதாமாதமோ காலாண்டுக்கோ கணக்குத் தாக்கலும் ஆடிட்டர் கட்டணமும் தேவை. பெங்களூரிலும் மும்பையிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களே இவ்வணிகத்தின் நல்ல வாடிக்கைக்காரர்கள் என்பதால், இவ்விதி சிறியவர்களை ஒன்று ஒடுங்கச் செய்கிறது, அன்றி மறைந்து விற்கச் செய்கிறது. கைத்தறி முதலான கைவினைப் பொருள்களை வெளிமாநிலங்களுக்கு விற்போருக்கு, ஆண்டு விற்பனை 20 லட்சத்துக்குள் இருந்தால் பதிவு வேண்டியதில்லை என ஏற்கெனவே விலக்களிக்கப்பட்டிருக்கிறது. அதே வரம்பை, வீட்டிலிருந்து துணியும் ஆபரணமும் விற்கும் எல்லாச் சிறு வணிகருக்கும் ஜி.எஸ்.டி. மன்றம் விரிவுபடுத்த வேண்டும். அதற்குத் தமிழக அரசு மன்றத்தில் குரல் கொடுக்க வேண்டும்.